தேசாந்திரிக்கு ஒரு வீடு

ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் நான் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். கிருஷ்ணகிரி, சூளகிரி, பாகலூர் என்று அப்பா கம்பெனி மாற மாற, எங்கள் கட்டிலும் பீரோவும் குட்டியானை வண்டியில் ஏறி இறங்கின. "இந்த ஊரு போரடிச்சுப் போச்சு, வேற ஊரு பாப்பமா?" என்பார் அப்பா. அம்மா அவருக்கு வைத்த பட்டம் தேசாந்திரி. எனக்கு அதில் ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அப்பாக்களுக்கு அப்படி ஒரு பட்டமும் கிடையாது.

பாகலூரில் தமிழ் டீச்சர், வீட்டில் புழங்கும் ஒரு சொல்லின் பிறப்பை எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். நான் வேறு எதை எழுதுவேன்? தேசமும் அந்தரமும் சேர்ந்தால் தேசாந்தரம், அதாவது வேறு தேசம். அங்கே போகிறவர் தேசாந்தரி, பேச்சில் தேசாந்திரி என்று அகராதி பார்த்து எழுதினேன். பரதேசி என்ற சொல்லும் வேறு தேசத்தான் என்றுதான் பிறந்ததாம். அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

அப்பா மறுபடி கம்பெனி மாறியதால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்திகிரியில் வீடு பார்க்கப் போனோம். மாதம் முடிய நான்கே நாள். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் வேண்டாமென்று ஏற்கெனவே இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், அதனால் காலி செய்கிறோம் என்று சொல்வதாக பஸ்ஸிலேயே அம்மா ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். "யாவ ஊரு? ஏன் காலி பண்றீங்க?" என்று அவர் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பா தேசாந்திரிங்க ஆன்ட்டி. ஒரே ஊர்ல இருக்க மாட்டாரு" என்று தொடங்கி, சொல்லின் பிறப்பு வரை விளக்கினேன். அம்மா கையில் கிள்ளியும் நிறுத்தவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கார அம்மா அப்பாவிடம் திரும்பினார். "கம்பெனில காண்ட்ராக்ட் வேலையா?"

"ஆமாங்க."

"நம்ம பையனும் அதேதான். வருஷம் ஆவறதுக்குள்ள நிறுத்திட்றாங்க" என்று சாவியை எடுத்து நீட்டினார். என் விளக்கத்தில் மயங்கித்தான் வீடு கொடுத்தார் என்று நான் நம்பினேன். வரும் வழியில் அப்பா போண்டா வேறு வாங்கிக் கொடுத்தாரா, சந்தேகமே இல்லாமல் போயிற்று.

மாலையில் கையெழுத்துக்காக நோட்டை நீட்டினேன். 'என் அப்பா ஊர் ஊராகப் போக விரும்புகிறவர்' என்று முடித்திருந்தேன். அப்பா அதை இரண்டு முறை படித்தார். பேனா தாளின் மேல் வெகுநேரம் நின்றது. மை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, நான் ஓடிப்போய் வேறு பேனா எடுத்துவந்து கொடுத்தேன்.