மூன்று நாள் அடுப்பு லீவு

கடன் இருக்கிறவர்கள் ஊர் சுற்றக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. எங்கள் மந்தைவெளித் தெருவில் மட்டும் உண்டு. அதைக் காப்பாற்றுகிறவர் கீழ்வீட்டு அம்மாள். நான் கொஞ்சம் பளிச்சென்று புடவை கட்டிக்கொண்டு படி இறங்கினால், "புதுசா?" என்பார். "இல்லைங்க, தீபாவளிக்கு எடுத்தது" என்றால், "எந்த தீபாவளி?" என்பார்.

கடன் வந்த கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை வாசலில் சாலையைத் தோண்டி, தகரத்தால் தடுப்பு அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு கடை இருக்கும் விஷயம் எங்களுக்கும் மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இதோ எடுத்துவிடுவார்கள், அதோ எடுத்துவிடுவார்கள் என்று இவர் வங்கியில் கடன் வாங்கி வாங்கிக் கடைக்கு வாடகை கட்டினார். கடைசியில் தடுப்பு அப்படியே இருந்தது, கடைதான் போனது. இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. வங்கித் தவணையை என் கரண்டி கட்டுகிறது.

அதாவது நான் எட்டு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறேன். பெரும்பாலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள். காலையில் கேரியர்காரர் தன் ஆட்டோவில் வெறும் கேரியர்களை வாங்கி வந்து என் வாசலில் வரிசையாக வைப்பார். பன்னிரண்டு மணிக்கு நிரப்பியதை எடுத்துப் போவார். ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்கு வெங்காயம் ஆகாது, ஒருவருக்கு எதுவுமே ஆகாது, ஆனால் எல்லாவற்றையும் சாப்பிடுவார். சாப்பாடு நன்றாக இருந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

கடை மூடிய நாளிலிருந்து என் கணவர் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. வெண்டைக்காய் பண்ணட்டுமா, சரி. வெண்டைக்காய் வேண்டாம், சரி. உங்கள் சட்டையை வேலைக்கு வருகிற பெண்ணின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், சரி. சண்டை போடக்கூட ஆளில்லாத வீடாகிவிட்டது. இது நல்ல குணம் என்று என் அக்கா சொல்கிறாள். அவள் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும்.

இப்படி இருக்கையில் போன பங்குனியில் இவரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், தன் மனைவிக்கு மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, ஆனால் கூட்டத்தில் போய் எங்கே உட்காருவது என்று புலம்பியிருக்கிறார். இவர் அதை வீட்டில் வந்து சொன்னார். அவர்களுக்கு வீடு எங்கே என்று கேட்டேன். பாலவாக்கம், கடலிலிருந்து இரண்டு தெரு என்றார். எங்கள் வீட்டிலிருந்து மயிலாப்பூர்க் கோயில் நடந்து போகிற தூரம். எனக்குக் கை பரபரத்தது.

"அவங்க நம்ம வீட்டுல வந்து மூணு நாள் தங்கட்டும். நாம அவங்க வீட்டுல தங்கிக்கறோம். வாடகை கிடையாது."

"சரி."

"ஆனா ஒண்ணு. அந்த மூணு நாளும் நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். பசிச்சா வாங்கித் தின்போம், காசில்லேன்னா தண்ணியைக் குடிச்சிட்டுப் படுப்போம். அடுப்பு மட்டும் கிடையாது. புரியுதா?"

"சரி."

எனக்குக் கடல் கூட முக்கியமில்லை. மூன்று நாள், வெறும் மூன்று நாள், குக்கர் விசிலை எண்ணாமல் இருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் நான் யாரையாவது கடித்துவிடுவேன் என்கிற நிலையில் இருந்தேன்.

எட்டு பேருக்கும் லீவு சொன்னேன். கேரியர்காரரிடமும் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கீழ்வீட்டு அம்மாள், "ஊருக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"எந்த ஊர்?"

"பாலவாக்கம்."

அவர் மேற்கொண்டு ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. "அது இங்கதானே இருக்கு" என்றார். எனக்கும் தெரியும் என்றேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் எங்கள் சுற்றுலாவின் மொத்தப் பயணச் செலவு இவருடைய பஸ் டிக்கெட்டுதான். அடையாறு தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

பாலவாக்கத்து வீடு பளபளவென்று இருந்தது. அந்த வீட்டுப் பெண் எங்களுக்காக ஒரு வாரமாக அதைத் தேய்த்திருக்கிறாள். ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பெரிய தூக்கு நிறைய தோசை மாவு. சாம்பாருக்குக் காய் நறுக்கி டப்பாவில். துருவிய தேங்காய், உரித்த சின்ன வெங்காயம், கரைத்த புளி. அடுப்பு மேடையில் எண்ணெய், பருப்பு, அப்பளம், லைட்டர். அதே நேரத்தில் போனும் வந்தது.

"அக்கா, நீங்க கடைக்கே போக வேணாம். எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன். ஜஸ்ட் சமைச்சுக்கங்க, அவ்வளவுதான்."

நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். யார் மூத்தவர் என்று கேட்க இரண்டு பேருக்கும் மனசில்லை. நான் அவளைத் திட்டவும் முடியாது. ஏனென்றால் அவளுக்காக நானும் இரண்டு நாள் நின்று புளிக்காய்ச்சல் காய்ச்சி, தக்காளித் தொக்கு வதக்கி, மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஓய்வெடுக்கக் கிளம்பிய இரண்டு பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி வேலை தயார் செய்து வைத்திருந்தோம். இந்தப் புத்தி வேறு எந்த ஊரிலாவது இருக்குமா தெரியவில்லை.

"மாவு புளிச்சிடுமே" என்றார் இவர்.

"புளிக்கட்டும்."

"சரி."

அன்று முழுவதும் நான் ஜெயித்தேன். மதியம் தெருக்கோடியில் எலுமிச்சை சாதப் பொட்டலம், சாயங்காலம் கடற்கரையில் சுண்டல், ராத்திரி இரண்டு வாழைப்பழம். மணலில் காலை நீட்டி உட்கார்ந்தபோது, கையில் கரண்டி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மடியில் வைத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது. ஃபிரிட்ஜில் மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருந்தது. நான் மூடியை அழுத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள்தான் அறுபத்துமூவர். காலையில் நாங்கள் கடற்கரையில் இருக்கும்போது எங்கள் வீட்டிலிருந்து அவள் போன் செய்தாள்.

"அக்கா, வாசல்ல எட்டு கேரியர் வந்திருக்கு."

போனைக் கேரியர்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னாக்கா, வாசல்ல இம்மாம் பெருசா கோலம் கீது. நீ லீவ கேன்சல் பண்ட்டு வந்துட்டேன்னு நெனச்சிக்கினு எல்லா வூட்லயும் கேரியர வாங்கினு வந்துட்டேன். இப்ப வேற ஆளு கதவத் தொறக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

நடந்தது இதுதான். வீடு பூட்டியிருந்தால் எங்கள் மாடிப்படி வாசலில் கோலம் இருக்காது. நான் இருந்தாலும் நாலு புள்ளியில் முடித்துவிட்டு உள்ளே ஓடுகிறவள். அவளோ திருவிழா நாளாயிற்றே என்று வாசலை அடைத்துக் கோலம் போட்டு, செம்மண்ணும் பூசியிருக்கிறாள். அதைப் பார்த்துக் கேரியர்காரர் வீடு வீடாகப் போய், அக்கா வந்தாச்சு என்று சொல்லிவிட்டார். போனை அவளிடம் திரும்பக் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணும் யோசிக்காதீங்க. அப்படியே திருப்பி அனுப்பிடுங்க."

"நல்ல நாளும் அதுவுமா வந்த பாத்திரத்தை வெறுமனே எப்படிக்கா அனுப்புறது?"

"அது சாப்பாட்டுக் கேரியர்க்கா. வெறுமனேதான் வரும்."

"வெறுமனே வரலாம். போகக் கூடாதில்ல? நான் உலை வெச்சிட்டேன்."

தெருவெல்லாம் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவர் கையைப் பிடித்து இழுத்து நீர்மோரும் பொங்கலும் புளியோதரையும் கொடுக்கிற நாள் அது. மயிலாப்பூரில் அன்றைக்கு நினைத்தாலும் பட்டினி கிடக்க முடியாது. அந்த நாளில், திருவிழா பார்க்க வந்தவள் என் அடுப்படியில் எட்டு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மணலில் உட்கார்ந்து சமைத்தேன். "பச்சை மூடி போட்டதுக்கு உப்பு பாதி. நசுங்கின கேரியருக்கு வெங்காயம் போடாதீங்க. பெருங்காயம் ரெண்டாவது தட்டுல. அந்தக் கடாய் வேணாம், அது அடிப்பிடிக்கும்." ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அலை வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு போனது, நான் ரசத்துக்குப் புளி அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்பை இவர் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கேரியர்கள் கிளம்பிவிட்டன. நாளைக்கும் கொண்டு வாருங்கள் என்று கேரியர்காரரிடம் அவளே சொல்லி அனுப்பினாளாம். ஒரு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. வெங்காயம் ஆகாத பெரியவர். "ரசம் இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்தது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சாப்பாட்டைப் பற்றிப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அந்த எட்டு கேரியர் போனால் தவணை போகும். நாளைக்கு அவர்கள், பழைய ரசம் வேண்டாம், அந்த ரசம்தான் வேண்டும் என்றால் என்ன செய்வேன்? அதோடு ஒரு வெட்கம். என் பாரத்தை ஓர் அந்நியப் பெண் தலையில் ஏற்றிவிட்டுக் கடல் பார்க்கிறேனே என்று. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து துணிகளைப் பைக்குள் திணித்தேன்.

"கிளம்புங்க. நாளைக்கு நானே சமைக்கறேன். லீவும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

இவர் வாசற்படியில் நின்றார். சரி என்று வரும் என்று நான் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்" என்றார்.

நான் சரியாகக் கேட்காதது போல நிமிர்ந்தேன்.

"போக வேணாம். எட்டு பேர் இன்னொரு நாள் வேற கை ரசம் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. அந்தம்மா மனசார செய்யறாங்க, நான் போன்ல பேசிக்கறேன். காசை அவங்க கையில கொடுத்துடலாம். நீ உட்காரு."

"தவணை?"

"கடன் வாங்கினது நான். கடையை மூடினதும் நான். மூணு வருஷமா அடுப்புல வேகறது நீ. அதை நான் பார்க்காத மாதிரியே இருந்துட்டேன், பார்த்தா தாங்க முடியலைன்னு. மூணு நாள்தானே கேட்டே. அதைக்கூட வாங்கிக் கொடுக்கலேன்னா நான் எதுக்கு? உட்காருன்னு சொல்றேன்ல!"

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் கத்தியே சொன்னார். கடை மூடியபின் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பையைக் கீழே வைத்தேன். எனக்குச் சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன்.

அவர் உள்ளே போனார். லைட்டரைப் பத்துப் பன்னிரண்டு முறை சொடுக்குகிற சத்தம் கேட்டது. கேஸைத் திறக்கவில்லை என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பற்றியது. கல் காய்வதற்கு முன்பே ஊற்றுகிறார் என்பதும் சத்தத்திலேயே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

முதல் தோசை துண்டு துண்டாகத் தட்டில் வந்தது. ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் வேகவில்லை. மாவு புளித்தும் போயிருந்தது. தொட்டுக்கொள்ள வெறும் ஊறுகாய். அவர் கரண்டியோடு எதிரில் நின்று நான் வாயில் வைக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடச்சுட இருந்தது. நான் எல்லோருக்கும் போட்டு முடித்து ஆறியதைச் சாப்பிடுகிறவள். ஊறுகாய்க் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அடுத்தவர்களைக் கேட்கிற கேள்வி அது. என்னை யாரும் கேட்டதில்லை. தட்டை அவர் பக்கம் நீட்டினேன். "ரெண்டு ஊத்துங்க" என்றேன்.