ஆறு வாரமும் ஒரு தையல் முடிச்சும்

நாற்பத்து மூன்று வயதில் எனக்குச் சுன்னத்து செய்தார்கள். மதம் மாறவில்லை. முன்தோலுக்கு அடியில் மரு கிளம்பி, தோலும் இறுகிப்போனதால், மருவோடு தோலையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார் ராஜபாளையத்து டாக்டர். சரி என்றேன். அந்த நிலையில் பேரம் பேச ஒன்றுமில்லை.

"மரு திரும்ப வரலாம். வாராவாரம் நல்ல வெளிச்சத்துல பாத்துக்கிடுங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வீட்டம்மாவையும் ஒருவாட்டி லேடி டாக்டர்கிட்ட காட்டிருங்க. இது ஒட்டுற வியாதி. வருசக்கணக்கா சத்தமில்லாம உள்ள கெடக்கும். யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு எங்களால சொல்ல முடியாது."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் சூரத்தில் தறி ஓட்டினேன். என்னால் சொல்ல முடிந்தது.

மனைவியிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், நினைத்தபோது லீவு போட முடியாது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருக்கும் மடவார் வளாகம் முழுக்கக் குடலிறக்கம் என்றே செய்தி பரவியது. போலீஸில் இருந்து ரிட்டயரான பெரியப்பா மகன் சாத்துக்குடியோடு வந்தார். அவருக்கு நிஜமாகவே குடலிறக்கம் செய்திருந்தது. சட்டையைத் தூக்கி, "ஏலே, எனக்கு எம்புட்டு நீளம் போட்டிருக்கான் பாரு. ஒனக்கு எம்புட்டு, காட்டு" என்றார்.

"இன்னும் கட்டுப் பிரிக்கலண்ணே."

இடுப்பில் கட்டிய சாரத்தை ஒரு கையால் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாள் நடந்தேன். போர்வை பட்டாலே உயிர் போனது. அதனால் சோறு மூடுகிற பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் கவிழ்த்து, அதன்மேல் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் கழுவிச் சோற்றுப் பானைப் பக்கம் வைத்துவிடுவேன்.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில். இருபது வருஷமாக ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி அனுப்புகிறவன், என் காயத்துக்கு மெடிக்கலில் போய் வாங்குவதா என்று ஒரு வீறாப்பு. கம்பெனியில் இருந்தே ஒரு சுருள் கொண்டுவந்து, மருந்து தடவாமல், உலர்ந்த துணியாகவே சுற்றினேன். மறுநாள் அது என் தோலாகவே ஆகிவிட்டது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரித்த நர்ஸ், "எந்தக் கம்பெனித் துணி இது?" என்று கேட்டார்.

"எங்க கம்பெனிதான் சிஸ்டர்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வைத்தியநாதர் கோயிலுக்குப் போவாள். அதுதான் நான் பார்க்கிற நேரம். சவரக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். ஐந்து வெள்ளி ஒன்றுமில்லை. ஆறாவது வெள்ளி, தையல் ஓரத்தில் கடுகளவு ஒரு புடைப்பு.

திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். வெட்டி எடுத்தும் என்னை விட்டுப் போகாதது அவளை மட்டும் விட்டிருக்குமா? அவள் திருநீற்றுப் பொட்டலத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நின்றபடியே கேட்டாள். "டாக்டர் என்னையும் காட்டச் சொல்லி எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு வாரம்."

"சூரத்த நான் கேக்கல. அது நான் வாரதுக்கு முந்தி. இந்த ஆறு வாரத்துக்கு என்ன சொல்லுதீய?"

மூன்று நாள் அவளிடமிருந்து சோறு மட்டும் வந்தது. கூடையின் கதை தெரிந்ததும் அதைக் குப்பை வண்டியில் போட்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "மரு இல்ல. தையல் நூல் முடிச்சு. கரையாம நின்னுருச்சு" என்று கத்தரித்துப் போட்டார். சந்தோஷமாக இருந்தது. கூடவே, மூன்று நாள் பொறுத்திருந்தால் சொல்லியே இருக்க வேண்டாமே என்றும் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்.

லேடி டாக்டரிடம் அவள் ஏற்கனவே நேரம் வாங்கியிருந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் போனாள். சோதனை முடிவு வந்தது. கர்ப்பப்பை வாயில் மாற்றம் தெரிகிறது, இன்னும் புற்றுநோயாக ஆகவில்லை என்றார் அந்த அம்மா. மருவைக் கொடுக்கிற கிருமி வேறு வகை, இது வேறு வகை, இரண்டும் ஒரே குடும்பம் என்று எனக்கு விளக்கினார். "இப்பவே வந்ததால சின்ன சிகிச்சையோட போயிரும். அஞ்சாறு வருசம் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்."

சிகிச்சை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் கேட்டாள்: "அந்த நூல் முடிச்சு மட்டும் இல்லன்னா எங்கிட்ட சொல்லியிருப்பீயளா?"

கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு, "மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. நான் கண்ணாடியை எடுத்ததும் உள்ளே வந்து அவளே தாழ்ப்பாள் போட்டாள்.

"டார்ச்சக் கொடுங்க. இனிமே நான் பாக்கேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது?"

"கண்ணு தெரியும். தெரிஞ்சத நீங்க சொல்ல மாட்டீய."

டார்ச்சைக் கொடுத்தேன்.