மரகதம் அக்கா சொல்லாமல் போனது

திண்டிவனம் கோர்ட் வாசலில் டீ கிளாஸைக் கையில் வாங்கினேன். குமாஸ்தா வந்து நின்றார். "சார், விழுப்புரத்துல மரகதம் மேடம் போய்ட்டாங்களாம்." டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவரைத் தெரிந்த உங்களில் பலரை அன்று அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். யாருக்கும் பேச்சு வரவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிற வக்கீல் கூட்டம் நாம்!

கோர்ட் அனுப்புகிற வழக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் சமரசர் பயிற்சிக்கு விழுப்புரத்தில் நானும் அவரும் ஒன்றாகப் போனோம். வக்கீல்களுக்குச் சமரசம் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஒத்திகையில் நான் புருஷன், அக்கா சமரசர். வந்த வேகத்தில் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டார். "மேடம், இது குறுக்கு விசாரணை இல்லை" என்று பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பழக்கம் உடமாட்டேங்குது சார்" என்று அக்கா சிரித்தார். ஆனால் ஒரு விதியை அன்றே பிடித்துக்கொண்டார். ஒருவரோடு தனியே பேசி முடித்ததும், "இதுல எதை அந்தப் பக்கம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்க வேண்டும். கூடாது என்று சொல்லிவிட்டால் நீதிபதியிடமும் வாய் திறக்கக் கூடாது.

சான்றிதழ் வாங்கிய மறுவருஷம் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வழக்கு அவரிடம் வந்தது. அந்தப் பெண் தனியறையில் அக்காவிடம் வெகுநேரம் பேசினாள். வெளியே வந்து, புருஷனோடு போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அக்காவுக்குக் கைகொடுத்தோம். அந்த மாதமே அவள் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள்.

அவளுடைய அண்ணன் சமரச மையத்து வாசலில் வந்து உட்கார்ந்தான். "உங்ககிட்டதானே மேடம் தனியா பேசிக்கினு இருந்துச்சு? என்னா சொல்லிச்சு? அவன் தள்ளி உட்டானா, அதுவா வுழுந்துச்சான்னு தெரியாம எங்கம்மா சோறு துன்ன மாட்டேங்குது." அக்கா அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "சொல்ல முடியாதுப்பா" என்றார். அவன் மண்ணை வாரித் தூற்றினான். அக்கா புடவையைக்கூடத் தட்டாமல் உள்ளே போனார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு, தனியறையில் யாராவது "எதையும் சொல்லாதீங்க" என்று பதறினால், வழக்கை அப்படியே கோர்ட்டுக்குத் திருப்பிவிடுவார். சமரசம் ஏற்படவில்லை என்று மட்டும் எழுதுவார், காரணம் எழுதமாட்டார். ராசியில்லாத சமரசர் என்று நம்மில் சிலர் கேலி பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா?

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டே விட்டேன். "இப்பவாவது சொல்லுங்கக்கா. அந்தப் பொண்ணு என்னதான் சொல்லிச்சு?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு தம்பி. அப்புறம் வந்து, சொல்லலாம்னு சொல்லலையே."

அவள் பேசியதெல்லாம் அக்காவோடு எரிந்து போயிற்று. என்னிடம் மிச்சமிருப்பது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்கிற அந்தக் கேள்விதான். போன வாரம் திண்டிவனத்தில் என்னிடம் சமரசத்துக்கு வந்த ஒருத்தியிடம் அதைக் கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எதையுமே சொல்லாதீங்க சார், நான் அவரோட போறேன்" என்றாள். வெளியே புருஷன் வீட்டார் ஜல்தி, ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சமரசம் ஏற்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.