ஒரு ரேடியேட்டர் குழாய், இரண்டு திருப்புளி

போன வாரம் என் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், பானட்டைத் திறக்காமலேயே கையிலிருந்த டேப்லெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேடம், கூலண்ட் லீக்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். எங்கே லீக் என்று கேட்டேன். அதை சிஸ்டம் சொல்லாதாம். லீக் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லுமாம். எதற்கும் இருக்கட்டும் என்று மொத்தத்தையும் மாற்றிவிடலாமாம். அடடா, என்ன தாராள மனசு!

அப்புறம் பெரிய மனது பண்ணி பானட்டைத் திறந்தார்கள். குப்பென்று அந்த வாசனை. கூலண்டுக்கு ஒரு அசட்டுத் தித்திப்பு வாசனை உண்டு, பதம் தவறிய பாகு மாதிரி. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். அம்மா அவற்றைத் துவைக்கப் போடும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள். கொஞ்சம் கூடுதலாகவே பொத்திக்கொள்வாள்.

அப்பா பூனாவில் லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவர். கூட ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலைக்கோ, சொந்த ஊருக்கோ போனார்கள். அப்பா ஒரு லாரி வாங்கினார். முன்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பழைய மாடல். வாங்கும்போதே அது பேரன் பேத்தி எடுத்த வயதில் இருந்தது. போசரியில் ஒரு வார்ப்புப் பட்டறையிலிருந்து சாக்கனுக்கு இரும்புச் சாமான் ஏற்றிப்போவது தொழில். டிரைவர், கிளீனர், முதலாளி எல்லாம் அவரே. முதலாளி மட்டும் அடிக்கடி லீவு போடுவார்.

பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றிய அன்றே அப்பா சட்டம் போட்டுவிட்டார். "இந்த வண்டி ஓடுத வரைக்கும் பூனா. இது படுத்துட்டுன்னா வித்துப்போட்டு ஊரைப் பாக்கப் போயிருவோம்." ஊர் என்றால் சங்கரன்கோவில். அந்த ஊர்க் காற்றைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். நான் போனபோதெல்லாம் அங்கே தூசிதான் வீசியது. ஒருவேளை காற்று எனக்காக ஒதுங்கி நின்றதோ என்னவோ.

அம்மாவுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படியொரு பழக்கம் கிடையாது. அவள் விஷ்ராந்த்வாடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு மொபெட்டில் அவள் போகிற வேகத்தில் ஆட்டோக்காரர்களே ஒதுங்குவார்கள். சங்கரன்கோவிலில் அவள் இன்னார் வீட்டு மருமகள். இங்கே அவள் டீச்சர். அந்த வேலையை விடுவதற்குப் பதில் மூச்சை விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஜாதி.

திகி என்கிற பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில்தான் லாரி நிற்கும். வாங்கி ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. மற்ற லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்க, அப்பா மட்டும் கடையில் பச்சைக் கூலண்ட் வாங்கி ஊற்றுவார். விமானம் பார்த்த கை அல்லவா! அந்தப் பச்சை, சொட்டுச் சொட்டாகப் பக்கத்து வீட்டு மராத்தி மாமி ஜோஷி காக்கூவின் ரங்கோலிவரை ஓடியது. "காடி ரட்தே கா?" என்று காக்கூ கேட்டாள். வண்டி அழுகிறதா என்று அர்த்தம். அவளே வைத்தியமும் சொன்னாள். ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்பொடி போட்டால் ஓட்டை அடைபடும், எல்லா லாரிக்காரர்களும் செய்வதுதான் என்று.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "ஏரோப்ளேன் இன்ஜினப் பிரிச்சுப் போட்டவன் நான். ரேடியேட்டர்ல சாம்பார் வைக்கச் சொல்லுதா அந்த அம்மா." மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அவனுக்கு என்ன தெரியும் என்றார். சரி, உங்களுக்கு என்ன தெரிகிறது என்றேன். ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், பம்ப்பாக இருக்கலாம், பிளாக்கே விரிசல் விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நோயைப் பெரிசாக்கிக்கொண்டே போனார். கடைசியில், "இனி இது தேறாது போலருக்கு" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் துக்கம் கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. எனக்கு அப்போது பிம்ப்ரியில் வேலை கிடைத்த புதுசு. லாரியைக் கவனிக்கவே நேரமில்லை, பெருமூச்சை எங்கே கவனிக்க?

அம்மா கவனித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தமிழ்ச் சங்கத்துக்குப் போயிருந்தபோது தன் முகப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். லாரிக்கு மேக்கப்பா என்று கேட்டேன். அவள் இன்ஜின் மேலெல்லாம் பவுடரைத் தூவினாள். லீக் எங்கே என்று கண்டுபிடிக்க அது ஒரு வழி. ஏதோ ஒரு காலத்தில் அப்பாவே பீற்றிக்கொண்டபோது சொன்னதுதான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரில் பச்சையாக ஒரு கோடு இறங்கியது. ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளிப். அங்கேதான். கேஸ்கெட்டும் இல்லை, பம்ப்பும் இல்லை.

"ஏட்டி, இங்க வா. இந்த ஸ்க்ரூவப் பாரு. கிளிப்பெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. இதோட தலை மட்டும் எப்படி பளபளன்னு இருக்கு?"

"அப்பா முறுக்கிருப்பாங்க."

"முறுக்குனா ஏன் ஒழுகுது?"

கணக்கு டீச்சர் போட்ட கணக்குச் சரியாகத்தான் வந்தது. மனுஷன் தன் வண்டியைத் தானே தளர்த்திவிட்டுக்கொண்டிருக்கிறார், ஊருக்குப் போவதற்காக! வண்டி படுத்தால் ஊர் என்று சட்டம் போட்டவர், வண்டி தானாகப் படுக்கிறவரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பாய் விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சண்டை போடப்போகிறாள், வீடு இரண்டாகப் போகிறது என்று நான் பயந்தேன். அவள் உள்ளே போய் கையைக் கழுவிவிட்டுத் தோசை வார்த்தாள்.

மறுநாள் போசரிக் கடைவீதியில் ஒரு திருப்புளி வாங்கிக் கோலப்பொடி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அப்புறம் நடந்ததுதான் கூத்து. சாயங்காலம் அப்பா, "இன்ஜின் சூடு ஆறிட்டான்னு பாக்கேன்" என்று போய்த் தளர்த்திவிட்டு வருவார். விடியற்காலையில் அம்மா கோலம் போடுகிற சாக்கில் போய் முறுக்கிவிட்டு வருவாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். "இன்னைக்கு ஒழுகலயே!" என்று அப்பா ஆச்சரியப்படுவார். "அப்படியா?" என்று அம்மாவும் ஆச்சரியப்படுவாள். அப்படி ஒரு நடிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. ஜோஷி காக்கூ என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் இரண்டு மெக்கானிக்கா என்று கேட்டாள். ஒரே வண்டிக்கு இரண்டு ஷிஃப்ட் என்றேன். நான் யார் பக்கம் என்று கேட்கிறீர்களா? இரண்டு பக்கமும் எனக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டிருந்தது.

ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா பூத்திலிருந்து போன் பண்ணினார். மோஷி தாண்டி, நாசிக் ரோட்டில், முழு லோடோடு வண்டி நின்றுவிட்டது. குழாய் கிழிந்து எல்லாத் தண்ணீரும் போய்விட்டதாம். அம்மா பதறவில்லை. பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு புது ரேடியேட்டர் குழாயை எடுத்தாள். என்றைக்கு வாங்கிவைத்தாளோ! ஒரு கேன் தண்ணீரோடு என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அப்பா ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கிழிந்த குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த முறுக்கு முறுக்குனா ரப்பர் என்னத்துக்கு ஆகும்ளா? கிளிப்பு வெட்டிப்போட்டுருக்கு பாரு."

"தளத்துனது யாரு?" என்றாள் அம்மா.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஊருக்குப் போணும்ளா."

"இத வாயத் தொறந்து சொல்லதுக்கு என்ன? வண்டிய ஒழுக விட்டா எனக்குப் புரியணுமாக்கும்?"

"சொன்னா நீ வரமாட்டேம்ப."

"ஆமா. வரமாட்டேன்."

"அதான் சொல்லல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ரிட்டயர் ஆவட்டும். மறுநாளே டிக்கெட் எடுங்க. நானே பெட்டி கட்டுதேன், போதுமா?" அப்பா தலையை ஆட்டினார். பிறகு சட்டைக்கையை மடித்துக்கொண்டு, புதுக் குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கி, ஒரு டீ ஆறுவதற்குள் வேலையை முடித்தார். விமானம் பார்த்த கை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவி மனுஷர், அவ்வளவு நாளும் அதை மறைத்துவைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த லாரி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வெட்கமில்லாமல் வருடக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போனது. அப்பா மோடாவில் உட்கார்ந்து, சங்கரன்கோவில் வீட்டுக்கு எந்த நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். அம்மா ரிட்டயராக ஒரு வருடம் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், அப்பா மார்பு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

அந்த ஒரு வருடத்துக்குள் ஊர் வீட்டைச் சித்தப்பாக்கள் விற்றுவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தியதில் எங்கள் வாசல் பாதி போய்விட்டது. ஜோஷி காக்கூ மகனோடு நாசிக் போய்விட்டாள்.

பள்ளியில் தேங்காயும் சால்வையும் கொடுத்து அம்மாவை வழியனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அவளை உறுத்துமே என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன், வீடு இல்லாவிட்டால் என்ன, வாடகைக்கு ஒன்று பார்த்துப் போகலாமே, டிக்கெட் எடுக்கட்டுமா என்று.

"பூனாதான்னு நின்னேன்லா. ஜெயிச்சுட்டேன், பாத்துக்கோ" என்றாள். பிறகு சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "கூப்பிடுதவுக போயிட்டாக. வரமாட்டேன்னு நான் இனி யார்ட்டட்டி சொல்லதுக்கு?"