பலகைக்கு அடியில் கிடந்த தகடு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் இறக்குவது வேலை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம்.

என் மகள் சிரம்பானில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்தாள். அங்கே ஓர் அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழில் அடித்துத் தர ஆள் தேடினார்கள். வீட்டில் இருந்தே செய்யலாம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் மிசின் வேண்டும். ஒரு திருவிழா நோட்டீஸைக் கொடுத்து, திங்கட்கிழமை அடித்துக் கொண்டுவந்தால் வேலை உனக்கு என்று சொல்லிவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் ஃபேக்டரிதான், நைட் ஷிப்ட்தான்.

சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, ஓர் இரும்புப் பெட்டிக்குள் அவளே பூட்டினாள். சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள். லயமே வந்து பார்த்தது. மத்தியானம் பெட்டியை மூடாமல் விட்டுவிட்டு அவளும் அம்மாவும் சமையல்கட்டில் சாப்பிட்டார்கள். நான் வெளியே லோரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்வீட்டு அம்மா எங்கள் வாசலில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். ஆச்சரியப்பட்டேன். இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அவருடைய வாத்து எங்கள் கீரைப்பாத்தியை மிதித்ததில் தொடங்கிய சண்டை. அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கோபத்தில் என் மனைவி அதைச் சொல்லிக் காட்டிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

சாயங்காலம் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். மகள் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். அதே அரைச் சுற்று.

"என்னா பாப்பா, டிவி மாதிரி மண்டையில ரெண்டு தட்டு தட்டிப் பாரேன்லா" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த மண்டோர், எங்கள் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது லோரிதான். முதலில் கரண்டு வருகிறதா என்று பார்த்தேன். அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன், சுட்டது. பியூஸை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு காலையில் மகள் பூட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றுவாள், சுவிட்சைத் தட்டுவாள். அரைச் சுற்றுதான். கடைசியில் மிஞ்சியது, மற்றதெல்லாம் சொருகும் பெரிய பச்சைப் பலகை, மதர்போர்டு. திருகாணிகளைக் கழற்றி அதைத் தூக்கினாள். அடியிலிருந்து ஏதோ நழுவி மேசையில் விழுந்தது.

செம்புத் தகடு. தட்டையாக மடித்துக் கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது.

"தொடாத!" என்று மனைவி கத்துவதற்குள் மகள் பிரித்துவிட்டாள். உள்ளே கட்டம் போட்டு அவள் பெயரும் நட்சத்திரமும் கீறியிருந்தது.

"செய்வினை" என்றாள் மனைவி. "மிசினோட கொண்டு போயி ஆத்துல போடுங்க. இனிமே இது இந்த வீட்ல இருக்கக் கூடாது."

"அம்மா, செம்பு பட்டு ஷார்ட் ஆயிருக்கு, அவ்வளவுதான். எடுத்தாச்சுல்ல, இப்ப ஓடும்."

"உம்பேரு எழுதியிருக்குடி! நட்சத்திரம் எப்படித் தெரியும் வெளி ஆளுக்கு?"

மகள் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சட்டையை மாட்டினேன். வாசலில் இறங்கிப் போன ஆளை நான் பார்த்திருக்கிறேனே. தகட்டைக் கையில் மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அன்று என்ன செய்யப் போனேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அந்த அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "மிசின் ஓடிருச்சாண்ணே?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, இதனாலதான் ஓடலையா? லயமே வந்து பாக்குதே, பிள்ளைக்குக் கண்ணு பட்டுருமேன்னு மந்திரிச்சு வாங்கியாந்தேன். அண்ணி கையில குடுத்தா வாங்குவாங்களா? அதான் யாருக்கும் தெரியாம பலகைக்கு அடியில சொருகிட்டேன். அது இரும்புப் பெட்டிதானே, என்னா ஆகப்போவுதுன்னு நெனச்சேன்."

"நட்சத்திரம்?" என்றேன்.

"பிள்ள பொறந்தப்ப கடியாரத்தப் பாத்துச் சொன்னதே நாந்தானேண்ணே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று நான் லோரியோடு வெளியூரில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மழையில் தோட்டத்து வண்டி வரவில்லை. பிள்ளையை முதலில் கையில் வாங்கியது இந்த அம்மாதான். அந்த நேரத்தை வைத்துத்தான் நட்சத்திரமே பார்த்தோம். ஒரு வாத்துச் சண்டையில் அதையும் மறந்திருந்தோம்.

திரும்பினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் கால்வாய் ஓரத்தில் மனைவி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கால்வாயைத் தாண்டி வந்தாள். பிறகு அந்த அம்மாவிடம், "வீட்டுக்கு வாங்க. பிள்ள மறுபடியும் பூட்டுது. நீங்களே சுவிட்சத் தட்டுங்க" என்றாள்.

அவர்தான் தட்டினார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. காற்றாடி சுற்றியது, நிற்கவில்லை. மகள் விடிய விடிய உட்கார்ந்து நோட்டீஸை அடித்து முடித்தாள். வேலை கிடைத்தது.

தகட்டை மேசைக்கு அடியில் ஆணி வைத்து அடித்தேன். மேசை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. யார்மீதாவது எனக்குச் சந்தேகம் வரும்போது அதற்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன்; எங்களைக் கெடுக்க வைத்தது என்று நான் கையில் மூடிக்கொண்டு போனது, அந்த அம்மா என் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு வாங்கி வந்தது.