நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்

நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர், பதினேழு கிலோ. ஆறு வயது எழில்மொழியின் உயரமும் எடையும் இவை. தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் இவற்றைத்தான் எடுப்பார்கள். மருந்தின் அளவு இதை வைத்துத்தான். போன ஆடியில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் அம்மா விஜயலட்சுமி இந்த இரண்டையும் சொல்லுவாள்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை நாத்தனார் அகிலாண்டம் போன் செய்து, "பிள்ளை இப்ப எவ்வளவு உசரம் இருக்கா?" என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"நூத்திப் பன்னெண்டு சென்டிமீட்டர் அண்ணி. திருவிழாவுக்குப் பாவாடையா? பருத்தியா எடுங்க, ஜரிகை உறுத்தும்."

"ம்... பாக்குறேன்" என்று அகிலாண்டம் போனை வைத்துவிட்டாள்.

விஜயலட்சுமியின் நாள் தெர்மாமீட்டரோடு விடியும். காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும்; துணிப்பை கதவுக்குப் பின்னால் எப்போதும் தயாராகத் தொங்கும். எழிலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர், தனித் தட்டு, சாயங்காலம் மாத்திரை. குத்தகை நிலத்தில் உளுந்து போட்டிருக்கும் அவள் கணவன் மதிவாணன், வயலிலிருந்து வந்தால் குழாயடியில் குளித்த பிறகே வீட்டுக்குள் நுழையலாம். நுழைந்ததும் மகளின் தலையைத் தடவுவான். கொட்டிய முடி இப்போதுதான் முளைக்கிறது.

"நாத்து நல்லா எந்திரிச்சிருக்கே. பறிச்சு நட்டுடலாமா?"

"யாரும் பறிக்கக் கூடாது!" என்று தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வாள் எழில்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு சரியாக வரவில்லை. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் நானூற்று எண்பதுதான். "ஆயிரத்துக்கு மேல ஏறுற வரைக்கும் கூட்டத்துல கொண்டுபோகவே கூடாதும்மா. கோயில், கல்யாணம், எதுவும்" என்றார் டாக்டர். "மாத்திரையை நிறுத்துங்க. திங்கக்கிழமை திரும்பப் பாப்போம்."

ஆளில்லாத மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வலங்கைமானுக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் மதிவாணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. காலையில் உளுந்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தான்.

மதகடியில் ஆட்டோவை விட்டு இறங்கித் திரும்பியவள் அப்படியே நின்றாள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு பாடை சாத்தியிருந்தது.

பச்சை மூங்கிலும் பச்சை ஓலையும் வாசலில் நின்றால் அந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். விஜயலட்சுமியின் கையிலிருந்த பை நழுவியது. மருந்தடிக்கப் போனவன். எடுக்காத போன்.

அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து கயிற்றுச் சுருளோடு மதிவாணன் வந்தான்; பின்னாலேயே ஓலைக்கட்டோடு அகிலாண்டமும் பாடை கட்டும் ரெங்கசாமியும் வந்தார்கள். "வந்துட்டீங்களா? போனை மோட்டார் கொட்டாயில வச்சுட்டேன்."

அவளுக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சோடுதான் பாடையை மறுபடி பார்த்தாள். குட்டையாக இருந்தது. அவள் அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்தவர்கள், பங்குனித் திருவிழாவில் பாடையில் பிணம்போல் படுத்து வலங்கைமான் மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். முன்னால் தீச்சட்டி, பின்னால் உறவுக்காரர்கள். சன்னதியில் பூசாரி தீர்த்தம் தெளித்த பிறகே எழுந்திருக்க வேண்டும். விஜயலட்சுமியும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். தன் வாசலில் பார்த்ததில்லை.

"அம்மா, இது எனக்கா?"

எழில் பாடையின் பக்கத்தில் போய், மருத்துவமனை அளவுகோலில் நிற்பதுபோலக் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றாள். "சரியா இருக்கு" என்றாள்.

விஜயலட்சுமி அவளை இழுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தாள்.

"என்கிட்ட பாவாடைன்னு சொன்னீங்களே அண்ணி."

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்ன" என்றாள், ஓலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அகிலாண்டம். "புரட்டாசியில நாலு நாள் வாயில குழாயோட கெடந்தாளே, அப்ப ஆத்தாகிட்ட நான் கேட்டு வாங்கின உசுரு அது. நிறுத்தினா தெய்வக் குத்தம்."

"அக்கா உன்கிட்ட சொல்லியிருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று முனகினான் மதிவாணன்.

"நானூத்தி எண்பதுதாங்க இருக்கு. டாக்டர் கூட்டமே ஆகாதுன்னுட்டாங்க."

"ஆத்தா மேல பாரத்தைப் போடு."

"போட்டுட்டேன் அண்ணி. அங்க வர்ற ஆயிரம் பேரு இருமலை யாரு மேல போடுறது?" அவள் பாடையைக் காட்டினாள். "நான் நிறுத்தச் சொல்லல. கேட்டது நீங்க. கொடுத்தது ஆத்தா. அப்ப படுக்க வேண்டியது யாரு?"

பாடையின் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்த ரெங்கசாமி நிமிர்ந்தார். ஊரில் சாவுக்கும் வேண்டுதலுக்கும் அவர்தான் கட்டுவார். "பிள்ளைக்கு ஆகலன்னா வேண்டிக்கிட்டவங்க படுக்குறது உண்டுதான். ஆனா அகிலாண்டத்துக்குன்னா நாலு பேரு பத்தாது. டிராக்டருக்குச் சொல்லணும்."

மதிவாணன் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அகிலாண்டம் அந்தப் பாடையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா?"

கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"கை காலெல்லாம் கட்டுவாங்கள்ல?"

"கட்டணும்" என்றார் ரெங்கசாமி.

"கண்ணு?"

"மூடித்தான் இருக்கணும். கோயில் வர்ற வரைக்கும்."

அகிலாண்டத்தின் கை தானாகத் தாலிக்கயிற்றைப் பிடித்தது. வீட்டுக்குள்ளிருந்து எழில் ஏதோ பாடும் சத்தம் கேட்டது. "பிள்ளை பயந்திருப்பாள்ல..." என்றாள் மெதுவாக. அவள் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஓலையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அவுத்துக் கட்டுங்கண்ணே. நான் அஞ்சடி."

ரெங்கசாமி முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். நீளமான மூங்கில் வெட்ட மதிவாணன் அரிவாளோடு கொல்லைக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் பாடையில் அகிலாண்டம் போகிறாள். மதிவாணன் தீச்சட்டி ஏந்துகிறான். விஜயலட்சுமியும் எழிலும் வீட்டில் இருப்பார்கள். திங்கட்கிழமை, கூட்டம் ஏறுவதற்கு முந்திய ஆறு பத்து பஸ்ஸில் இருவரும் தஞ்சாவூர் போகிறார்கள். ரத்தம் எடுக்கும் முன் உயரமும் எடையும் எடுப்பார்கள்.