பிதா பாடுபட்டார் என்று போதித்த வெல்டர்

வெல்டருக்கு இரண்டு வேலைகள். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிராதியும். ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின் அறையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு. இரண்டிலும் ஒரே குணம்தான். பற்றவைத்த இடத்தில் சின்ன ஓட்டை தெரிந்தாலும் பூசி மறைக்க மாட்டார். அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேட் செய்யச் சொன்னவர் வாசலில் நின்று கத்தினாலும் காதில் வாங்க மாட்டார்.

மகள் குழாய்த் தொழிற்சாலையில் இன்ஜினீயர். வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துக் குறை பார்ப்பவள். கோயிலுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"அப்பா ஒட்ட வைக்கிறார், அக்கா குத்தம் கண்டுபிடிக்கிறா. குடும்பம் வெளங்கிடும்" என்று அவள் தம்பி கிண்டலடிப்பான்.

அந்தத் தம்பி இருபத்தாறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். ஒன்பது நாளும் வெல்டர் கதவுக்கு வெளியே நின்றார். உட்காரச் சொன்னால், "உள்ள அவன் அந்தப் பாடு படுறான், நான் உக்காரவா?" என்பார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் வகுப்பு எடுக்கப் போனார். இயேசுவின் சிலுவைப்பாடு பற்றிய பாடம்.

"மகன் சாகுறதை மேல உக்காந்து பாத்துட்டிருக்க எந்த அப்பனாலயும் முடியாது. பிதாவேதான் இறங்கி வந்தார். ஆணி அவர் கையிலதான் இறங்குச்சு. செத்ததும் அவர்தான்."

வகுப்பில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகன் போனபின் அன்றைக்குத்தான் அவர் தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதன்பின் ஒரு வருடம் அந்த ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்.

புதிதாக வந்த போதகர் சின்ன வயசுக்காரர், நல்லவர். ஒரு ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நாலு பேர் முன்னால் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பழைய துர்உபதேசம். ஆயிரத்தெண்ணூறு வருஷம் முன்னாடியே சிலர் இப்படிப் போதிச்சாங்க, சபை தள்ளிடுச்சு. தேவன் ஒருத்தர்தான். ஆனா பிதா வேற, குமாரன் வேற. பாடுபட்டது குமாரன்."

"அப்போ பிதா?"

"அனுப்பினவர்."

"அனுப்பிட்டு?"

போதகர் டீயைக் குடித்து முடித்து எழுந்தார். போகும்போது சபை வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெல்டர் பதினோரு நாளில் படித்து முடித்தார். பக்கத்துக்குப் பக்கம் தள்ளப்பட்டவர்கள். குமாரன் படைக்கப்பட்டவர் என்றவர்கள், அவருக்கு உடம்பே இல்லை, வெறும் தோற்றம் என்றவர்கள். நடுவில், பிதாவே பாடுபட்டார் என்ற தன் ஆட்களையும் கண்டார். பென்சிலால் கோடு போட்டு வைத்தார். அடுத்த ஞாயிறு வகுப்பில் நின்று, "ஒரு வருஷமா தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். வகுப்பையும் விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை.

மகளுக்குத்தான் ஆத்திரம்.

"எவனோ எப்பவோ கூடிப் பேசி முடிவு பண்ணதுக்கு நீங்க ஏன்ப்பா கட்டுப்படணும்? உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சு. அப்படியே நம்பிட்டுப் போங்களேன்."

"எக்ஸ்ரேல விரிசல் தெரியுது. பாவம், புள்ளைய பறிகொடுத்தவன் வெச்ச வெல்டிங்னு பாஸ் பண்ணிடுவியா?"

"இது குழாய் இல்லப்பா."

"ஆமா. குழாய்னா வேற மாத்திடலாம்."

அதன்பின் தட்டில் மறுபடியும் மிச்சம் வைக்கத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் இதயம் கைவிட்டது. டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஒரு மத்தியானம் வெல்டர் போதகரை வரச் சொன்னார்.

"என்னைக் கேள்வி கேளுங்க. பழைய தப்பு எங்கயாவது ஒட்டிட்டிருக்கான்னு பாத்துடணும். அதோட போகக் கூடாது."

"அதெல்லாம் வேண்டாம்யா. ஜெபம் பண்ணலாம்."

"முதல்ல கேளுங்க."

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போதகர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிலுவையில பாடுபட்டது யாரு?"

தப்பாகச் சொல்லிவிடுங்கப்பா என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை.

"குமாரன்."

"பிதா?"

வெல்டர் மூச்சுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்.

"பாடுபடல" என்றார்.

சரியான பதில் என்று போதகர் தலையசைத்தார். தலையசைத்த அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வெல்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.